எலி இல்லாமல் வந்த தெள்ளுகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவரோடு பேசினேன். இதில் ஒரு வார்த்தைகூட ஜோடனை இல்லை.

எலியின் உடம்பில் ரத்தம் உறிஞ்சி வாழும் தெள்ளுப்பூச்சிகளைப் பார்த்து, எது எந்த வகை என்று சொல்வது என் வேலை. எங்களுக்கு எலி பிடித்துத் தருபவரைப் 'பொறி அண்ணன்' என்போம். வாய் கட்டிய துணிப்பையில் எலி கொண்டுவருவார். கூடவே ஒரு கேலியும் வரும். "என்ன தங்கச்சி, இன்னைக்காவது இதுங்க உன்னைப் பாத்து சிரிச்சுதா?"

சில நாட்களாக ஆளைக் காணவில்லை. அன்று மாலை, மழை இருட்டு. கதவுச் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் அவர். பை இல்லை. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஏழு தெள்ளுகள்.

"எலி எங்கண்ணே? நீங்களே சாப்பிட்டுட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுது. என்ன வகைன்னு இப்பவே பாத்து சொல்லு. புள்ளைங்க இருக்கு."

ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தெள்ளின் கன்னத்திலும் கழுத்திலும் சீப்புப் பற்கள் போல முள்வரிசை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் இருந்தால் அநேகமாகப் பூனைத்தெள்ளு. இரண்டிலும் இல்லை, ஆனால் நெஞ்சின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு கோடு இருக்கிறது என்றால்தான் ஆபத்து. பிளேக் என்னும் கொள்ளைநோயைப் பரப்புகிற எலித்தெள்ளு அது.

கன்னம்... மொழுக்கென்று இருந்தது.

கழுத்து... அதுவும்.

கோடு... இருந்தது.

டிக்.

என் முன்னாலிருந்த வெள்ளைத் தட்டில் ஏதோ விழுந்தது. டிக். டிக். அவர் சட்டைக் கையிலிருந்து தெள்ளுகள் என் பக்கமாகத் தாவிக்கொண்டிருந்தன.

அவர் அசையவில்லை.

"அண்ணே, மோசமான வகை! புள்ளைங்கள உடனே வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"என்னால முடியாது. நீயே போன் பண்ணு."

அவர் மனைவி எடுத்தார். பின்னால் அழுகைச் சத்தம்.

"அண்ணி, அண்ணன் இங்க..."

"மதியமே போயிட்டாரும்மா. காய்ச்சல்... புள்ளைங்க அப்பா மேல சாஞ்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

நாற்காலி காலி.

அப்போதுதான் உறைத்தது. தெள்ளுக்குச் சூடான உடம்பு வேண்டும். இருக்கிற உடம்பு ஆறினால், பக்கத்துச் சூட்டுக்குத் தாவும்.

"அண்ணி! புள்ளைங்களத் தூக்குங்க! இப்பவே!"

தூக்கினார்கள். சுகாதார ஆட்கள் அந்த வீட்டுக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் சின்ன மகளுக்குக் காய்ச்சல். மருந்து நேரத்தோடு கிடைத்தது. பிழைத்தாள்.

குப்பியில் மிச்சமிருந்த ஆறு தெள்ளுகளின் வயிற்று ரத்தத்தை வீட்டாருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். ஐந்தில் இருந்தது அண்ணனுடையது. ஆறாவதில், செரிக்காத புது ரத்தம். சின்ன மகளுடையது.

காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அவர் உயிர் போன பிறகுதான் அவள் அவர் பக்கத்தில் போனாள். அந்தத் தெள்ளு குப்பிக்குள் வந்தது அதற்கும் பிறகு.