மிச்சம் பிடித்த வெர்னா

ஓக்லஹோமாவில் எங்கள் ராணுவக் கிடங்கு அலுவலகத்தில் வரவுசெலவுக் கணக்குக்குப் புது வருஷம் அக்டோபர் முதல் தேதி பிறக்கும். அதற்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் பைத்தியம் பிடிக்கும். ஒதுக்கிய பணத்தைச் செப்டம்பர் முப்பதுக்குள் தீர்த்தாக வேண்டும். மீந்தால் அடுத்த வருஷம் அந்த அளவுக்கு வெட்டு. அதனால் வாங்குவோம். நாற்காலி, டிவி, மறுபடியும் நாற்காலி. போன வருஷம் வந்தவை உறைகூடப் பிரிக்காமல் கொட்டகையில் கிடக்கும்.

வெர்னா ஸ்டக்கி என் பக்கத்து மேசை. பதினான்கு வருஷ குமாஸ்தா. அவள் கணவன் கிளைடுக்குச் சர்க்கரை முற்றிக் கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். அவனுடைய இன்சுலின் அவள் வேலையோடு வந்த காப்பீட்டில்தான் ஓடியது. வேலை போனால் மருந்தும் போகும். இது ஆபீசில் தெரியாத ஆளே கிடையாது.

ஒரு செப்டம்பரில் எங்கள் அதிகாரி டுவைட் ப்ரூயிட் எண்பது நாற்காலிக்கான தாளை அவள் முன்னால் போட்டார். ஆபீசில் நாங்கள் முப்பத்தொரு பேர்.

"உக்கார ஆள் எங்க சார்?"

"ஆளப் பத்தி யாரு கேட்டா? கையெழுத்தப் போடுங்க."

"தலைக்கு ரெண்டரை வருது. சேத்துப் போட்டு படுத்துக்கவா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் கையெழுத்துப் போடவில்லை. "அது ஜனங்க வரிப்பணம்" என்று மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எங்கள் கட்டடத்தில் அதுவரை யாரும் செய்யாத தப்பு அது.

தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கூடவே வெட்டும் வந்தது. ஒரு வேலையைக் குறைக்க வேண்டும் என்றார்கள். ப்ரூயிட் யாரைக் குறைத்தார் என்று சொல்லவா வேண்டும்? நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். த்தூ!

ஒரே மாதத்தில் அவள் அதே மேசைக்கு வந்தாள், ஒப்பந்தக் கம்பெனியின் ஆளாக. அவள் பழைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு அந்தக் கம்பெனிக்குப் போனது. அவள் கைக்கு வந்தது பழையதில் பாதி. காப்பீடு கிடையாது.

"இது வேற கணக்குத் தலைப்புல வர்ற பணம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் ப்ரூயிட்.

கிளைடு ஊசியைப் பாதி அளவாக்கினான். "நல்லாத்தான இருக்கேன், சும்மா பொலம்பாத" என்று அவளை அடக்குவானாம். ஜூலையில் ஒரு நாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ப்ரூயிட் அவள் மேசைக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் பணம் நிக்குது வெர்னா. என்ன வாங்கலாம்?"

அவள் தலை நிமிரவில்லை.

"எதையாவது வாங்கித் தொலைங்க சார். மிச்சம் வச்சா ஆள் சாகுது."

மதியத்துக்குள் பட்டியலை அடித்துக் கொடுத்துவிட்டாள். ஒப்பந்த ஆள் கையெழுத்துப் போடக் கூடாது. நான் போட்டேன்.