முதல் சொட்டு விழும் இடம்

என் மகள் சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பலகையை வைத்து, அதில் ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தாள். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மழை வந்தால் அது கைப்பேசிக்குச் செய்தி அனுப்புமாம்.

"தொட்டுப் பாருங்கப்பா, ஷாக்கெல்லாம் அடிக்காதுலா."

ஈர விரலை அதிலிருந்த தகட்டில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"கொஞ்ச நேரம் வச்சிருங்க. உடனே கத்தாதேன்னு அதுக்கு எழுதி வச்சிருக்கேன். இல்லன்னா காக்கா எச்சம் போட்டாக்கூட மழைன்னு நினைச்சிக்கும்."

சற்றுப் பொறுத்துச் சிவப்பு விளக்கு கண் திறந்தது. எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் உலு திராமில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அத்தைக்கு ஜொகூர் பாருவில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஈயம் ஒட்டும் வேலை. விடியும்போதே நீலச் சட்டையோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் ஆசையாகச் செய்வார். டவுன் கடையில் ரேடியோ வேலை பழகுகிறவர்களுக்கென்று விற்கும் பொட்டலங்களை வாங்கி வருவார். உள்ளே வண்ணக் கோடு போட்ட துணுக்குகள், மூன்று கால் பூச்சி போன்ற ஒன்று, ஒரு சின்ன வட்டு. அடுப்படியில் அமர்ந்து அவற்றை ஒட்டுவார். ஈயம் உருகும்போது எழும் புகை அவர் நெற்றியருகே வளைந்து வளைந்து போகும். நான் எதிரே உட்கார்ந்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பிறந்ததுதான் மழை கூவி. ஒரு பிளாஸ்டிக் மூடியில் இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் அருகருகே சுற்றியிருந்தார். ஒரு சொட்டு விழுந்து இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும், வீட்டுக்குள் மாட்டியிருக்கும் வட்டு 'கீ' என்று அலறும். மூடியைப் பின்பக்கத் துணிக்கொடியில் கட்டினார். எங்கள் ஊர் மழை வெயிலோடு சேர்ந்தே கொட்டிவிடும். முதலில் வட்டு கூவும், அப்புறம் மண்வாசனை வரும், அப்புறம் மழை. அது கூவுவதால்தான் மழை வருகிறது என்று நான் நம்பினேன்.

வரிசைப் பெண்களும் பழகிப்போனார்கள். சத்தம் கேட்டால் போதும், ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. "மழ கூவுதுடி! துணிய எடு!" என்று ஓடுவார்கள்.

அந்தச் சமயத்தில் அத்தைக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்சாலை கூடாது. "எங்க வீட்டுல வேலைக்கா பஞ்சம்?" என்று கேட்டாராம். அப்பா சம்மதித்துவிட்டார்.

"அண்ணே, வேலைய விடாம இருக்க முடியாதாண்ணே?" என்று அத்தை கேட்டது என் காதில் விழுந்தது.

"அலமாக், இப்பப் போயி கேக்குறியே! வாக்குக் குடுத்தாச்சுமா."

அத்தை மறுபடி கேட்கவில்லை.

பரிசத்தன்று காலை, தலை நிறையப் பூவோடு, அத்தை பின்பக்கம் போய் மூடியை அவிழ்த்தார். ஒயரை நீட்டி இழுத்துவந்து, வாசல் கேட்டின் இடது மூலையில், செம்பருத்தி இலைகளுக்கு அடியில் வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"முதல் சொட்டு இங்கதான்டா விழும்."

அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். அம்மா ஆரத்தி சுற்றினார். எங்கள் வரிசையில் எந்த வீட்டு ஆரத்தியானாலும், கால் படாத இடமென்று, கேட்டின் இடது மூலையில்தான் ஊற்றுவார்கள். அம்மாவும் அந்தச் சிவப்பு நீரை அங்கே சாய்த்தார்.

கீ!

வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்க நின்ற அத்தனை பெண்களும் திரும்பிக் கொடியைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு மாப்பிள்ளையின் சித்தியும் வெற்றிலைத் தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். யாருடைய சாரோங்கையோ அள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள இந்த அலறலா? சகுனம் சரியில்லங்க."

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தட்டு மாற்றவில்லை. ஆரஞ்சுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வட்டு இன்னும் கூவிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துத்தான் கத்தினார். "இந்தச் சனியனுக்கு மழை எது, ஆரத்தி எதுன்னு தெரியாதா?"

அத்தை மெல்ல பேட்டரியைக் கழற்றினார். "தெரியாதுண்ணே. தண்ணின்னாலே கத்தும்" என்றார் தலைகுனிந்தபடி.

அடுத்த வேலைநாள் விடியலில் பஸ் வந்தது. நீலச் சட்டை ஏறிப் போனது.

மூடி துணிக்கொடிக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் அதன் பிறகு வானம் இருட்டும்போதெல்லாம் நான் கேட்டின் இடது மூலையில் கையை விரித்துக்கொண்டு நிற்பேன். முதல் சொட்டு பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழும். மோட்டார் சைக்கிளில் விழும். என் மூக்கில் விழும். அந்த மூலையில் மட்டும் ஒருநாளும் விழவில்லை. நான்தான் வருவதற்குத் தாமதித்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன்.