ரங்கநாதன் மாமா மாட்டிய கம்பிகள்

செய்தி வந்தபோது நான் தி.நகர் மேம்பாலத்தின் கீழே, நகராத வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது, "ரங்கநாதன் சார் பாத்ரூம்ல விழுந்துட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு." அதற்குக் கீழே யாரோ ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, "போயிட்டார்." நான் உடனே கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் ஷாக்கா?" இல்லை என்றார்கள். பல மாதங்களாக நான் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. நான் நினைத்த வழியில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன நம் சங்கச் செயலாளர், "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா. அந்த டிரில்லிங் மெஷின் கதையெல்லாம் வேணாம்" என்றார். அது முடியாது. மாமாவுக்குக் கருவி பிடிக்க வராது. அந்த உண்மையை எடுத்துவிட்டால் நான் அறிந்த ரங்கநாதன் மாமாவில் மிச்சமே இல்லை.

மயிலாப்பூரில் இந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். எதிர்வீடு அவருடையது. காலமெல்லாம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பேனா பிடித்தவர், ஓய்வுக்குப் பிறகு திடீரென்று ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கினார். காரணம் அவர் மனைவி வசந்தா மாமியின் கண். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிற நோய். ஒரு நாள் முழுதாக மூடிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடக் கூப்பிட்டும் மாமி போகவில்லை. "இந்த ஆத்துல யாரையும் கூப்பிடாம நான் பாத்ரூம் போய்ட்டு வரணும். அது போதும் நேக்கு" என்றார். மாமா படுக்கையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து பாத்ரூமுக்கும் சுவரெல்லாம் ஸ்டீல் கைப்பிடிக் கம்பி மாட்டக் கிளம்பினார். மாமிக்கு இருட்டுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

முதல் நாளே அந்த வீட்டிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமா மெஷினைச் சுவரில் வைத்து உடம்பெல்லாம் நடுங்க அழுத்திக்கொண்டிருக்கிறார். சுவரில் ஓட்டையே இல்லை. பொட்டு வைத்ததுபோல் ஒரு பளபளப்பு மட்டும்.

"டேய், இந்தச் செவுரு கருங்கல்லுடா! அந்தக் காலத்துக் கட்டடம்னா சும்மாவா?"

"மாமா, மெஷின் ரிவர்ஸ்ல ஓடுது."

"அப்போ இவ்வளவு நாழி நான் என்ன பண்ணிண்டிருந்தேன்?"

"செவுத்துக்குப் பாலிஷ் போட்டுட்டிருந்தீங்க."

உள்ளே மாமி சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள், எல்லாவற்றையும் நானே மாட்டித் தருகிறேன் என்றேன். மாமா மறுத்துவிட்டார். "நீ போட்டா செவுத்துக்குள்ள என்ன இருக்குன்னு நோக்குத் தெரியும். நேக்குத் தெரியாது. நேக்கே தெரியாததை எப்படிடா அவ கையில குடுப்பேன்?" உங்கள் இஷ்டம் என்று வந்துவிட்டேன்.

வேட்டி கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுற்றுகிற டிரில் நுனி வேட்டித் தலைப்பைக் கவ்வி, கண் மூடித் திறப்பதற்குள் முழு வேட்டியையும் சுருட்டிக்கொண்டது. மெஷின் இடுப்பில் தொங்க, கோடு போட்ட அண்டர்வேரோடு மாமா வராந்தாவில் நின்று, "யாராவது இதை அவுத்து விடுங்கோ, நேக்கு இதை எப்படி நிறுத்தறதுன்னு மறந்து போச்சு" என்று கத்தினார். அந்த மாதம் முழுக்க லிஃப்டில் சந்தித்தவர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அன்று கவ்வியது வேட்டியை. துண்டைக் கவ்வியிருந்தால் கழுத்துதான். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றியதும் சிரிப்பு நின்றது.

பிறகு தண்ணீர்க் குழாய். சமையலறைச் சுவரில் சரியாகக் குழாய் ஓடும் இடமாகப் பார்த்துத் துளைத்தார். நான் போனபோது ஒரு கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நனைந்து நின்றார். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும் நம் பிளம்பர் ஏழுமலை வாசலில் நின்று, "இன்னா மாமா, வூட்டுக்குள்ளயே குத்தாலம் உட்டுகினு கீறீங்க?" என்றான்.

"ஜோக்கை அப்புறம் அடிடா, முதல்ல வால்வை மூடு!"

மறு கையில் மெஷின் இருந்தது. சுவிட்ச் போட்டபடியே. முழங்கையிலிருந்து தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவரோ மாமியின் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்லை வசு, தண்ணி நல்ல ஃபோர்ஸ்ல வரது" என்றார். படியிறங்கும்போது ஏழுமலை சொன்னான்: "சார், இந்தாளு ஒரு நாள் போய்ச் சேந்துருவாரு. நாமதான் சிரிச்சிக்கினே கீறோம்."

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. மாட்டிய ஒவ்வொரு கம்பியையும் அவரே முதலில் சோதிப்பார். இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரோரம் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துத் தொங்குவார். தெருவிலிருந்து ஜன்னல் வழியே பார்ப்பவர்களுக்குப் பைத்தியம்போலத் தெரியும். "என் கனம் அவளோடதுல ஒன்றரை மடங்குடா. என்னைத் தாங்கினா அவளைத் தாங்கும்." தொழிற்சாலையில் நாங்கள் செய்வதும் அதுதான், கம்பிக்கு வரப்போகும் சுமையை விட அதிகம் ஏற்றிப் பார்ப்பது. நாங்கள் எடைக்கல்லை ஏற்றுவோம். அவர் தன்னையே ஏற்றினார்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். நம் கட்டடத்தில் சுவரைத் துளைக்கப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் அனுமதி. அதற்குள்ளும் மாமா ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கழித்துவிடுவார். வெள்ளிக்கிழமையென்றால் பத்தரைக்கே ராகு காலம் தொடங்கிவிடும். அரை மணிதான் மிஞ்சும். அவர் இறந்த அந்த வாரம் மாமி வாசல் நிலையில் இருமுறை மோதிக்கொண்டிருந்தார். அதனால் மாமா சனிக்கிழமை வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமை அந்த அரை மணியிலேயே இறங்கிவிட்டார்.

பாத்ரூமில் போட வேண்டிய கடைசிக் கம்பி அது. டைல்ஸுக்குப் பின்னால் சுவர் பொத்தலாக இருந்திருக்கிறது. ஓட்டை பெரிதாகிவிட்டது. ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ள உள்ளே செருகும் பிளாஸ்டிக் பிளக் லொடலொடவென்று ஆடியிருக்கும். கீழே கடைக்குப் போய்ப் பெரிய பிளக் வாங்கி வந்தால் ராகு காலம் வந்துவிடும். நம் ஊரில் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். தீக்குச்சிகளைச் செருகி இறுக்கினார். காலண்டர் மாட்ட அது போதும். பிறகு வழக்கம்போலப் பின்னால் சாய்ந்து தொங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துப் போயிருந்தார்கள். கம்பி தரையில் கிடந்தது. ஈரத்தில் டைல்ஸ்மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ரத்தம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் தீக்குச்சி மருந்து கரைந்த சாயம். ரத்தம் சற்றுத் தள்ளி, தொட்டியின் விளிம்பில் இருந்தது.

மாமி அழவில்லை. "அந்தக் கம்பி என் கையோட வரணும்னு காத்துண்டிருந்தது. இவர் முந்திண்டார்" என்றார். நான் எத்தனையோ விபத்து அறிக்கைகள் படித்திருக்கிறேன். இதைவிடச் சரியாக எதுவும் காரணம் சொன்னதில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு மாமி என்னைக் கூப்பிட்டார். "ஒரு கம்பி பாக்கி இருக்கு." மகள் கையோடு அழைத்துப்போக வந்திருந்தாள். பாத்ரூமுக்குத் தனியாகப் போக முடிந்தால் இருப்பேன், இல்லையென்றால் உன்னோடு வருகிறேன் என்று அவளிடம் மாமி சொல்லியிருந்தார். ஏழுமலையும் நானும் போனோம். "வேற எடத்துல போடலாம் மாமி, அது ராசியில்லாத ஓட்டை" என்றான் அவன். மாமி கேட்கவில்லை. மாமியைக் கை நீட்டச் சொல்லி மாமா அளந்து குறித்த உயரம் அது என்றார். ஏழுமலை பொத்தலைச் சிமென்ட் வைத்து அடைத்து, நன்றாகக் காய விட்டான். பிறகு நான் துளைத்து, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் நீளமான ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கினேன்.

"தொங்கு" என்றார் மாமி.

தொங்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ போல்ட் முடுக்கியிருக்கிறேன், ஒன்றின்மேலும் என் மண்டையைப் பணயம் வைத்ததில்லை. சுவருக்குள் ஏதோ நொறுங்குகிறதா என்று காது தானாகவே தேடியது.

"போதும் சார், எறங்கு" என்றான் ஏழுமலை.

"அவர் இன்னும் கொஞ்ச நாழி தொங்குவார்" என்றார் மாமி.

தொங்கினேன். கம்பி அசையவில்லை. மாமி எங்களை வெளியே போகச் சொல்லி, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே நாங்கள் மூன்று பேர். மகள் கதவில் கை வைத்தபடி நின்றாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் திறந்தது. மகள் அன்று இரவு ரயிலில் தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.

நம் சுவர்கள் பழசு. கடல் காற்று எந்தத் திருகாணியையும் விட்டுவைக்காது. மாமியின் கண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை போய், மாமா மாட்டிய எல்லாக் கம்பிகளிலும் தொங்கிப் பார்க்கிறேன். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது.