ஒரு டெசிபலுக்குச் சற்றுக் குறைவு

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒரு நல்ல மனிதர் தன் கையால் செய்த பெட்டியை நான் ஏமாற்றித் தோற்கடித்தேன். தெரிந்தே செய்தேன். மல்டிமீட்டர் என் கையில் இருந்தது. அது காட்டிய எண்ணைப் பார்த்தேன். செய்ய வேண்டியதைச் செய்யாமல், திரைக்குப் பின்னாலிருந்து "சரி பண்ணியாச்சு" என்று குரல் கொடுத்தேன்.

இதை எழுத வேண்டாம் என்கிறாள் என் மனைவி. "ஏன்னா, எல்லாரும் மறந்தாச்சு. எழுபத்தி நாலு வயசுல எதுக்கு இதைத் தோண்டிண்டு?" மறந்தவர்கள் மறக்கட்டும். நான் மறக்கவில்லை. எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கப்போவதும் இல்லை.

கரமனையில், ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜர் வீட்டு மாடியறையில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு எட்டுப் பேர் கூடுவோம். பாட்டுக் கேட்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் பெட்டி கேட்கிறவர்கள். கம்ப்யூட்டரில் பாட்டு எண்களாக இருக்கிறது. ஸ்பீக்கருக்கு எண் புரியாது. நடுவே ஒரு பெட்டி உட்கார்ந்து எண்களை மின்னலையாக மாற்றித் தர வேண்டும். அதற்கு டாக் என்று பெயர். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் நகத்தளவு சிப் ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கும். இன்னொன்றில் ரெசிஸ்டர்களை ஏணிப்படி போல அடுக்கி, படிக்குப் படி வோல்டேஜைக் கூட்டிக் கூட்டி அலையை எழுப்புவார்கள். எது நன்றாகப் பாடுகிறது என்பதுதான் எங்கள் ஓயாத சண்டை.

சண்டைக்கு விதிகள் உண்டு. சத்தம் கேட்கும் என்று ஃபேனை அணைத்துவிடுவோம். தெருவின் ஆட்டோ கேட்காமல் ஜன்னலையும் சாத்திவிடுவோம். திருவனந்தபுரத்து மேடமாத, அதாவது சித்திரை, வெக்கையில் எட்டுப் பேர் பனியன் நனைய உட்கார்ந்து வீணை கேட்பதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். பெட்டிகள் ஒரு பழைய வேட்டித் திரைக்குப் பின்னால் இருக்கும். கேட்பவர்கள் சீட்டில் எழுதுவார்கள். பெட்டி செய்தவர் அறைக்குள் இருக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போடுபவன் நான். கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த நம்பிக்கை.

அன்றைக்கு வந்த ஏணிப் பெட்டியைச் செய்தவர் ஆரியசாலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர்களைப் பொறுக்கியெடுக்க ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார். எங்கள் கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் மிக்ஸி, ரிமோட் ரிப்பேரை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்வது என்று கடையின் பின்பாதியைக் காலிசெய்தும் வைத்திருந்தார். ஐந்து பேர் தங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அதனோடு மோதியது என்னுடைய சிப் பெட்டி. வெளிநாட்டுச் சரக்கு. அதைப் பற்றி வாட்ஸப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மிக்ஸி ரிப்பேர் செய்கிற மேஜையிலிருந்து வந்த பெட்டி இதன் பக்கத்தில் நிற்காது என்றும் எழுதியிருந்தேன். சரிபார்க்க என்று அவர் பெட்டி முந்தின நாளே என்னிடம் வந்திருந்தது. இரண்டையும் வீட்டில் போட்டுக் கேட்டேன். நின்றது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும் முன் இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். இதுதான் அடிப்படை. ஒரே பாட்டைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் வைத்தால், சத்தம் கூடியது என்று காது சொல்லாது. தெளிவு கூடியது, ஆழம் கூடியது, உயிர் வந்தது என்று சொல்லும். நானே வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீட்டரில் அவர் பெட்டி ஒன்று புள்ளி எட்டு வோல்ட் காட்டியது. என்னுடையது இரண்டு. ஒரு திருகைத் திருகினால் சமமாகியிருக்கும். திருகவில்லை.

நான் போக ஏழு பேரில் ஆறு சீட்டு எனக்கு விழுந்தது. மேனேஜர் குழுவில் எழுதினார்: "ஏணிப் பெட்டி மெலிந்து ஒலிக்கிறது. உயிரில்லை." ஐந்து பேரும் பின்வாங்கினார்கள். மேனேஜர் என் பெட்டியைப் போலவே ஒன்று வாங்கினார். அன்றைக்கு வெளியே மாடிப்படியில் காத்திருந்தவர் தன் பெட்டியை என்னிடமே நீட்டினார். "சார் வச்சுக்கிடுங்க. ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம மேல வைக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

போன துலாவர்ஷத்தில், ஐப்பசி மழையோடு விழுந்த ஒரு இடி என் வெளிநாட்டுப் பெட்டியைக் கொண்டுபோயிற்று. வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து அவருடையதை எடுத்து மாட்டினேன். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆம்ப்ளிஃபையர் குமிழை, கடிகார முள் ஒரு நிமிஷம் நகர்கிற அளவு, திருப்பினேன். அவ்வளவுதான். வெளிநாட்டுப் பெட்டி போனதில் நான் எதை இழந்துவிட்டதாக அழ வேண்டுமோ அது அங்கேயே இருந்தது. வீணையில் ஒரு சுரம் மீட்டி அடங்குகிற இடம் வரைக்கும் இருந்தது. அந்தத் திருப்பலைத்தான் நான் அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆரியசாலைக்குப் போனேன்.

"சாரே, வாருங்க! ஏழு வருசமாட்டு இந்தப் பக்கமே காணல்ல. மிக்ஸி வல்லதும் கேடாயிட்டா?"

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வித்தியாசம் எவ்வளவு சாரே?"

"உங்களுது ஒண்ணு புள்ளி எட்டு. என்னுது ரெண்டு."

மனக்கணக்குப் போட்டார். "ஒரு டெசிபல் கூட இல்ல."

"கொஞ்சம் குறைவு."

"அப்பம் எம் பெட்டியில ஒரு குறையும் இல்ல?"

"இல்லை."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே நான்கு ஏணிப் பலகைகள். "இது ரெண்டாமத்தது. ரெசிஸ்டர் பூரா மாத்தினேன். இது மூணாமத்தது, பவர் சப்ளை தனியா வச்சேன். இதுல ஈயத்தையே மாத்திப் பாத்தேன். மெலிஞ்சிருக்கு, உயிரில்லன்னு எழுதினாங்கல்லா? அந்த மெலிவு எங்க கெடக்குன்னு ஏழு வருசமாட்டுத் தேடிட்டு இருக்கேன் சாரே. எங்க வீட்டுல ஒருத்தி சொன்னா, உங்க காதுக்குத்தான் கோளாறுன்னு. நானும் சரிதான்னு நினைச்சேன்."

ஒரு தொழிலைக் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அது சின்னக் குற்றம். தன் காதையும் கையையும் நம்பிய மனிதரை ஏழு வருஷம் இல்லாத பழுதைத் தேடவைத்தேன்.

"மன்னிச்சிடுங்கோ" என்றேன்.

"மன்னிப்பு அங்க கெடக்கட்டு. எட்டுப் பேரு முன்னால தோத்தேன். அந்த எட்டுப் பேரு முன்னால சொல்லணும்."

சொன்னேன். குழுவில் எழுதினேன். சிரிக்கும் முகங்கள் நாலைந்து வந்தன. மேனேஜர் ஃபோனில் கூப்பிட்டார். வாத்தியார் என்பதற்கு அவர் வாயில் எப்போதும் மாஷ்தான். "மாஷே, விடுங்கோ. எழுபது கழிஞ்ச காது. உங்களுக்கு இப்போ ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். அதுக்காக அன்னைக்கு நாங்க எல்லாரும் முட்டாளாயிட்டோமா?"

"என் காது போயிருக்கலாம். மீட்டருக்கு வயசாகலை. முட்டாளாக்கினது நான். உங்க பெட்டியைத் தூக்கிண்டு ஞாயித்துக்கிழமை வலியசாலைக்கு, நம்மாத்துக்கு வாங்கோ."

"வரலைன்னா?"

"மாஷ் கூப்பிட்டும் மேனேஜர் பயந்துட்டார்னு எழுதுவேன். பக்கம் பக்கமா எழுதுவேன். தெரியுமோல்லியோ?"

வந்தார். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கடைக்காரரும் வந்தார். என் வீட்டு முன்னறையில், என் வேட்டியையே திரையாகக் கட்டினோம். மல்டிமீட்டரை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதை மேனேஜரிடம் கொடுத்தார்.

"நீங்களே அளந்து திருகுங்க. பெட்டி செஞ்சவன் வெளிய. அதாக்கும் விதி." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரும் வெளிய."

என் வீட்டிலிருந்தே என்னை வெளியேற்றினார்கள். நானும் அவரும் அடுக்களையில் உட்கார்ந்தோம். மிக்ஸியைத் தொடாதே என்று மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு ரிப்பேர்காரா ஆத்துல இருந்தும் சட்னி அரைக்க முடியலை" என்றாள். அவர் சிரித்தார். என்னோடு அல்ல, அவளோடு.

மேனேஜர் பத்து முறை மாற்றிப் போட்டார். சீட்டுகளைப் பிரித்தால், சரியும் தப்புமாக ஒருவருக்கு ஐந்துக்கு ஐந்து, இன்னொருவருக்கு ஆறுக்கு நாலு. எது எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்.

"அப்போ இவர் பெட்டியும் ஒசத்தி இல்லையே!" என்றார் மேனேஜர், ஜெயித்ததுபோல.

"மட்டமும் இல்லை. நான் திருடினது அவ்வளவுதான். அதைத்தான் திருப்பித் தரேன்."

வாட்ஸப்பில் சிரித்த ஒருவர் எழுந்து ஃபேனைப் போட்டார். ஏணிப் பெட்டியே மேல் என்று இத்தனை நாள் சண்டையிட்டவரும் அவர்தான். என்னை முறைத்துக்கொண்டே கிளம்பினார். இரண்டு கட்சிக்கும் இப்போது நான் ஆகாதவன். ஆகாதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கடைக்காரர் கைகொடுக்கவில்லை. தன் பெட்டியின் வயர்களைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். "இது பேப்பருக்கு மேல வைக்கிற சாமானம் இல்லல்லா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஃபோனில் செருகும், உள்ளே குட்டி டாக் வைத்த, சுண்டுவிரல் நீள வயர் ஒன்றில் பாட்டுக் கேட்கிறேன். நன்றாகவே கேட்கிறது.

பின்வாங்கிய ஐந்து பேரில் இரண்டு பேர் திரும்பிப் போய்க் கேட்டார்கள். செய்து கொடுத்தார். நானும் போய் எனக்கொன்று கேட்டேன். "சாருக்கு இல்ல" என்றார். மறுமாதமும் போய்க் கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார், ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அப்போது மேஜைமேல் புதிதாக முடித்த பெட்டி ஒன்று இருந்தது. மீட்டரை வைத்துக் காட்டினார். சரியாக இரண்டு வோல்ட்.

"அது ஒண்ணு புள்ளி எட்டாவே இருந்திருக்கலாமே. அதுல தப்பு ஒண்ணுமில்லையே" என்றேன்.

"தப்பில்லதான்" என்றார். "ஆனா சாரைப் போல ஆளுங்க ஊருல இன்னும் இருப்பாங்கல்லா?"