தெருக்கோடியில் நின்று கேட்ட ரிக்கார்டு

போன தடவை இல்லை, அதற்கும் முந்தின தடவை அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்தாரே, அதற்கு முந்தின வருஷம் ஆடி மாதம். வருஷக் கணக்கு எனக்கு வராது. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. வரதர் வந்தபோது கூட்டத்துக்காகத் தெருத்தெருவாகக் குழாய் கட்டிக் கட்டி என் தோள்பட்டை இறங்கிப்போனது. இன்றும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை. அந்தத் தோள் நன்றாக இருந்த கடைசி வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் மைக்செட் கடையில் வேலை செய்தேன். குழாய் என்று நாங்கள் சொல்வது கூம்பு ஸ்பீக்கரை. அதன் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றதில் எங்கள் முதலாளிக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்று பாதி. அதனால் புதுத் தட்டு, அதாவது ரிக்கார்டு, வந்தால் தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலையானது. என்னோடு இன்னொரு ஆள் இருந்தான். ஐயம்பேட்டைக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். குழாயை முதுகில் கட்டிக்கொண்டு தென்னை மரத்தில் அணில் போல ஏறுவான். அப்பாவோடு சண்டை போட்டு, இனிமேல் தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்தவன்.

ஆடி பிறந்தால் எல்லா அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். ஒரு நாளைக்கு நாலு இடம் கட்ட வேண்டியிருக்கும். தேய்ந்த தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் புதிய அம்மன் பாட்டு மாற்றி வரச் சொல்லி முதலாளி அவனை மெட்ராசுக்கு, மூர் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனவன் ஒரே ஒரு பெரிய தட்டோடு திரும்பி வந்தான். அட்டையில் முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் நாலு பேர்.

"இன்னாடா இது? கூழு ஊத்துற எடத்துல இத போட்டா ஆத்தாவே எழுந்து ஓடிடுவாடா" என்றார் முதலாளி.

"மொதலாளி, இது மேடையில வாசிக்கறப்பவே புடிச்சது. ஜனங்க கத்தறது, கை தட்டறது எல்லாம் உள்ளயே இருக்குது. காஞ்சிவரத்துல எந்தக் கடையிலயும் இதுமாரி ஒண்ணு இல்ல. பட்டுக்கடைக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துல இனிமே இதான் கேப்பாங்க பாரு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ போட்டுக் கேளு. தேறும்னா அவன் இருக்கட்டும். தேறாதுன்னா இன்னியோட தறிக்கே போவட்டும்."

அவன் முகம் சுண்டிப்போனது. சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர் எங்கள் முதலாளி.

தட்டைச் சோதிக்க எங்களுக்கு ஒரே வழிதான். கடை வாசல் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, தட்டைப் போட்டுவிட்டு, தெருக்கோடி அடிபம்பு வரை நடந்துபோய் நின்று கேட்பேன். அங்கே சொல் உடையாமல் வந்தால் தட்டு தேறும். திருவிழாவில் எவன் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான்? பதினைந்து வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன், ஒரு தடவையும் தப்பியதில்லை.

காலை நேரம். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு விரித்து ஏழெட்டுப் பேர் இழை சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி நான் பம்புக்குப் போவதற்குள் தட்டு பாட ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு பெரிய இரைச்சல். தகரக் கூரையில் கல்மழை விழுகிற மாதிரி. ஒரு அம்மா கையில் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, "எங்கபா அடிதடி? யார் ஊட்ல?" என்றாள். பாவு பிடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னாபா, உங்க மிசினுக்கு வயித்துப்போக்கா? ஓமத்தண்ணி குடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் என் பின்னாலேயே ஓடிவந்தான். "யண்ணா, இது இங்க நின்னு கேக்கற தட்டு இல்லண்ணா. குழாய்ல வெச்சா கேவலமாத்தான் இருக்கும். கிட்ட வந்து உக்காந்து கேளு. ரெண்டாவது பக்கத்துல ஒரு எடம் இருக்குது, அங்க..."

"எல்லாத் தட்டையும் இங்க நின்னுதான் கேக்கறேன். இதுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"ஒரே ஒரு தபாண்ணா. உனுக்குப் புரியும்."

முந்தின நாள் மூன்று கோயில் கட்டி அவிழ்த்திருந்தோம். கால் கடுத்தது. திரும்ப நடந்துபோய், தட்டைத் திருப்பி, உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. உண்மை அவ்வளவுதான். முதலாளியிடம் போய், "தேறாது மொதலாளி" என்றேன். அவன் மரம் ஏறுகிற கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனான். தட்டு கடைப் பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

வரதர் திரும்பக் குளத்துக்குள் போனதற்கு அப்புறம், தை மாதம், ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டப் போனேன். பெண்ணின் அண்ணன் மெட்ராசில் படித்தவர். எங்கள் பெட்டியைக் கிளறியவர் அடியில் கிடந்த அந்தத் தட்டை எடுத்து, "இது எப்படிபா உங்கிட்ட?" என்று ஆச்சரியப்பட்டார். அவர் அறையில் மரப்பெட்டி போன்ற பெரிய ரேடியோகிராம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். நான் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கம் சுமார்தான். பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. டிரம்காரன் தனியாக அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். "கடையில விக்கற சாதா தட்டுல இதே பாட்டு இன்னும் சுத்தமா இருக்கும்" என்று அந்த அண்ணனும் சொன்னார். சுத்தமான தட்டு இருக்கும்போது இந்த இரைச்சல் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

இரண்டாவது பக்கத்தில் பாட்டுக்கு நடுவே 'டங்' என்று ஒரு சத்தம். கிடார் நின்றுவிட்டது. "கம்பி அறுந்துபோச்சு" என்றார் அவர். டிரம்காரன் நிறுத்தவில்லை. இத்தனை நேரம் ஓயாமல் அடித்தவன் இப்போது மெதுவாக, கொஞ்சமாக அடித்துக்கொண்டு இடத்தைப் பிடித்து வைத்திருந்தான். ஜனங்கள் கத்துவதை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து தாளம் தட்டினார்கள். கிடார்காரன் வேறு கம்பி மாட்டி முறுக்குவது கூடக் கேட்டது. யாரோ ஒருவர் இருமினார். அப்புறம் அவன் விட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொண்டான்.

சாமி புறப்பாட்டில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாதஸ்வரக்காரருக்கு வாயில் வைத்து ஊதுகிற சீவாளி மக்கர் செய்யும். அவர் எடுத்து ஊதிப் பார்த்து வேறு மாற்றுகிறவரை தவில்காரர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். சாமியும் நிற்கும், ஜனமும் நிற்கும். எங்கள் பெட்டியில் இருந்த எந்த நாதஸ்வரத் தட்டிலும் அது கிடையாது. கெட்டுப்போன இடத்தை வெட்டிவிட்டுத்தான் தட்டு போடுவார்கள். இந்த ஒரு தட்டில்தான் அதை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். அப்படிக் காத்துக்கொண்டு நின்ற ஜனங்களின் சத்தத்தைத்தான் நான் பம்பு பக்கம் நின்று கல்மழை என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். அவன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தறியில் அவன் அப்பா, தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னாண்ணா, மரம் ஏற ஆள் கெடைக்கலியா?" என்றான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்பா."

"மொதலாளி அனுப்பிச்சாரா?"

"இல்லபா."

அவன் இழைக்குக் குறுக்கே நாடாவை வீசினான். தட்டைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று அப்பா இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சொன்னாலும் பிரயோசனமில்லை, முதலாளி அவன் வேலைக்கு வேறு ஆளை வைத்தாகிவிட்டது. மோர் கொடுத்தார்கள், குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த தடவை போனபோது குடும்பத்தோடு சூரத் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இருந்தால் அவனுக்கும் எழுபது தாண்டியிருக்கும். சூரத்தில் நம் ஊர் நெசவுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். உங்களில் யாருக்காவது அங்கே உறவு இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். ஐயம்பேட்டைக்காரன், சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் குழாய் கட்டியவன் என்றால் தெரியும். கம்பி அறுகிற இடத்தைத் தெருக்கோடியில் இல்லை, கிட்ட உட்கார்ந்தே கேட்டான் மைக்செட் கடை அண்ணன் என்று அவனிடம் சொல்லச் சொல்லுங்கள்.