கிழக்குப் பாலை ஏற்றிய எஞ்சின்

டென்மார்க்கில் நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பிரியவதனியின் படம் வட்ஸ்அப்பில் வந்தது. குசினி நிலத்தில் விரித்த சாக்கு. அதன்மேல் கறுத்துப்போன ஓர் இரும்புக் கட்டி. கீழே, "மச்சாள், மாப்பிள்ளை வந்திட்டார்" என்று எழுதியிருந்தாள்.

அது தண்ணீர் இறைக்கும் எஞ்சின். வேலணையில் புகையிலை செய்யும் ஏரம்பு என்பவர் தோட்டத்துக்கு மின்மோட்டர் பூட்டியபின் மூலையில் போட்டு வைத்திருந்தது. எங்கள் இருவருடைய வயதுக்கும் மூத்தது. அதைச் சைக்கிளில் பூட்டப்போகிறேன் என்றாள். பெற்றோல், சூடு, பாவாடை, சுற்றுகிற பெல்ற் என்று என் மனம் வரிசையாக ஓடியது. ஓகஸ்ட் விடுமுறைக்கு எப்படியும் அவள் இருக்கும் நெடுந்தீவுக்குப் போவதாகத்தான் இருந்தேன். அதுவரை பொறுக்கச் சொல்லி எழுதினேன். பொறுப்பாளா அவள்.

பிரியவதனி என் மாமாவின் மகள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிக்க விரும்பியவள். அந்த வருடம் தீவில் கணித வகுப்பு இல்லாததால் நாடகமும் அரங்கியலும் படித்தாள். கை மட்டும் எப்போதும் ஸ்பானரில் இருந்தது. ஊரில் நின்றுபோன தையல் மெஷின்கள் அவளிடம் வந்து ஓடிப்போகும். கணவர் சுதன் கடலுக்குப் போகிறவர். இவளுடைய தொழில் பால். தீவின் கிழக்குப் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் சேர்த்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கான்களைத் தொங்கவிட்டு, மாவிலித்துறையில் முதற் படகில் ஏற்றுவாள். அக்கரையில், குறிகாட்டுவானில், புங்குடுதீவுத் தயிர்க்காரி அனோஜினி வந்து எடுப்பாள்.

மற்ற மாதங்களில் கரைச்சல் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால்தான் வினை. முகத்துக்கு நேரே அடிக்கிற காற்று. மறைக்க ஒரு மேடு கிடையாது. பால் கானோடு உழக்க ஏலாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். முந்திக் கறந்தால் என்ன என்று நானும் கேட்டேன். மாடுகள் இரவெல்லாம் வெளியில் மேய்ந்துவிட்டு விடியத்தான் படலைக்கு வரும், அதுகளுக்கு யார் நேரம் சொல்வது என்றாள். ஓட்டோ பிடித்தால் பால் காசு ஓட்டோவுக்கே போய்விடும். இந்தச் சோளகத்தில் பலமுறை படகைத் தவறவிட்டாள். பொறுமை கெட்ட அனோஜினி, இந்தக் கிழமையும் பிந்தினால் கிழக்குப் பாலை விட்டுவிட்டு மேற்கில் எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். கிழக்குக்கு வேறு வாங்குகிறவர் இல்லை. நான் போய் இறங்கியது அந்தக் கிழமையில்தான்.

பொறுக்காமல் அவள் எல்லாம் பூட்டி முடித்திருந்தாள். சட்டத்தின் முக்கோணத்துக்குள் எஞ்சின், இரும்புப் பட்டிகளால் இறுக்கப்பட்டு, நிறைமாதக்காரி மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு இருந்தது. பின் சில்லின் கம்பிகளோடு இன்னொரு சைக்கிளின் றிம்மைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். எஞ்சினிலிருந்து வரும் பெல்ற் அந்த றிம்மின் பள்ளத்தில் ஓடும். ஒரு லீவரை இழுத்தால் பெல்ற் இறுகிச் சில்லுச் சுற்றும். விட்டால் தளர்ந்து நிற்கும். தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு வேகம் ஒன்றுதான் என்பதால் கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. எஞ்சினை நிறுத்துவதற்கு, அமுக்கினால் பிளக்கில் தட்டி மின்பொறியை அறுக்கும் ஒரு தகடு இருந்தது. முழங்காலில் உரசுகிறது என்று அதை மேலே வளைத்து விட்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். "லீவர் இருக்கெல்லே," என்றாள்.

வெறும் சைக்கிளாக வளவைச் சுற்றியபோது பறந்தது. அடுத்த நாள் காலை பால் ஏற்றினோம். ஒழுங்கை முடிந்து காற்றுக்கு முகம் கொடுத்த உடனேயே எஞ்சின் இளைக்கத் தொடங்கியது. சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை. அவள் பெடல் போட்டாள், பிறகு இறங்கினாள், நானும் பின்னால் பிடித்துத் தள்ளினேன். எஞ்சினின் பாரமும் சேர்ந்ததுதான் கண்ட பலன். துறைக்கு வந்தபோது படகு கயிறு அவிழ்த்துவிட்டது. படகில் வேலை செய்யும் பிரதாபன் பின்பக்கத்தில் நின்று கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எஞ்சின் உம்மை இழுக்குதோ, நீர் எஞ்சினை இழுக்கிறீரோ?"

படகு முழுக்கச் சிரித்தது. பிரியவதனியும் சிரித்தாள். பாலைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம், நெய்க்கு ஆகட்டும் என்று. அனோஜினி போனில் அதிகம் சொல்லவில்லை: நாளைக்கு ஒருநாள் பார்ப்பேன், அவ்வளவுதான்.

எரிபொருள் போகும் குழாயை ஊதிப் பார்த்தாள். பிளக்கைச் சுரண்டினாள். சுதன், படகுக்கு வைக்க வேண்டிய அக்கறையைச் சைக்கிளுக்கு வைக்கிறாள் என்று புறுபுறுத்தாலும், ஸ்பானரைக் கேட்கும் முன்பே நீட்டினார். கடைசியில் எஞ்சினின் தலையைக் கழற்றினாள். தலைக்கும் உடலுக்கும் இடையில் கசிவை அடைக்க ஒரு பக்கிங் இருக்க வேண்டும். இதில் பக்கிங், அதற்குக் கீழே ஓர் அலுமினியத் தகடு, அதற்குக் கீழே இன்னொரு பக்கிங். தகட்டை யாரோ சோற்றுப்பானை மூடியிலிருந்து கத்தரித்து, அரத்தால் ராவி, ஓட்டைகளைச் சரியாக வைத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் மூடியின் வளைவு இன்னமும் தெரிந்தது.

அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மச்சாள், இதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இது இன்னும் தடைக்குள்ள நிண்டு ஓடுது."

சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் தங்கம். துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில்தான் எல்லாம் ஓடின. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் இடிக்காமல் இருக்க, உள்ளே அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகத் தகடு வைத்துத் தலையைச் சற்று உயர்த்தினார்கள்; இழுவையும் குறைந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத ஆள் குறைவு. தடை போனபின் கழற்ற மறந்தவர்களும் நிறையப் பேர். ஏரம்புவுக்குப் போன் எடுத்தோம். ஓம், தான்தான் போட்டது, மனைவி அந்த மூடியை இன்னும் தேடுகிறாள், அவளிடம் சொல்லிவிடாதே என்றார்.

தகட்டை எடுத்து, ஒற்றைப் பக்கிங்கோடு தலையை இறுக்கி, கயிற்றைச் சுற்றி இழுத்தாள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. முந்தியது இருமல், இது குரல். பூவரசில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் போயிற்று. சுதன் இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்து வைத்திருக்க, அது அவரை இழுத்துக்கொண்டு வேலிவரை போனது. நான் கத்தியபடி பின்னால் ஓடினேன். பயத்திலா சந்தோஷத்திலா என்று எனக்கே பிடிபடவில்லை.

காலையில் என்னை முன்னரே துறைக்கு அனுப்பிவிட்டாள். படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் பிரதாபனும் கிழக்கு வீதியைப் பார்த்து நின்றோம். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் எந்தச் சத்தமும் வராது. இப்போது ஒரு போல்ட் கழன்றிருக்கும், இப்போது பாவாடை மாட்டியிருக்கும் என்று நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். படகோட்டி இரண்டாம் முறை ஹோர்ன் அடித்தார். பிரதாபன் கயிற்றில் கை வைத்தார்.

அப்போது கல்மதில்களுக்கு மேலே வெள்ளைப் புழுதி எழும்பியது. புழுதிக்கு முன்னால் இரண்டு மாடு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. பின்னால் பிரியவதனி. சால்வையைத் தலையில் இறுக்கக் கட்டி, முழங்கைகளை விரித்து, சோளகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பால் கான்கள் இரண்டும் அசையாமல் வந்தன. படகிலிருந்தவர்கள் இருந்த இடத்தில் எழுந்து நின்றார்கள்.

அவள் நிற்கவில்லை. எங்களைக் கடந்து போய், துறைமுகப்பு வெளியை ஒருமுறை சுற்றினாள். மறுபடி சுற்றினாள்.

"லீவர் இறுகிப்போச்சு," என்றாள் போகிறபோக்கில். அடுத்த சுற்றில், "அண்ணை, பிளக் வயரை இழுங்கோ."

பிரதாபன் கூடவே ஓடி, குனிந்து, வெறுங்கையால் பிளக் தலையைப் பிடித்தார். அடுத்த கணம் "ஐயோ அம்மா" என்று தவளை மாதிரிப் பாய்ந்து மண்ணில் இருந்தார். ஆனால் வயர் அவர் கையோடு வந்துவிட்டது. எஞ்சின் நின்றது.

"என்ன தங்கச்சி, கரண்டும் வைச்சிருக்கிறீர்," என்றார், கையை உதறியபடி.

"எஞ்சின் ஆரை இழுக்குது எண்டு கேட்டனீங்களெல்லே," என்றாள் அவள்.

கான்களை ஆளுக்கு ஒன்றாக ஏற்றினோம். மூடியைத் திறந்து பார்த்தாள். மேலே கொஞ்சம் நுரை, வேறொன்றும் இல்லை. படகு போனது. அவள் வளைத்துவிட்ட நிறுத்தும் தகட்டைக் கல்லால் தட்டி நேராக்கினாள். முழங்கால் உரசினால் உரசட்டும் என்றாள்.

நாங்கள் துறையை விட்டுப் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோம். அனோஜினி எடுத்தபோது பிரியவதனி எழுந்து நின்றுதான் கதைத்தாள். பால் நன்றாக இருக்கிறது, கிழக்குப் பாலை நிற்பாட்டவில்லை, நாளைக்கும் வருவேன் என்று அனோஜினி சொன்னது எனக்கும் கேட்டது.

"சரி," என்றாள் பிரியவதனி. கண் எஞ்சினில் இருந்தது. "உம்மட்ட ஒண்டு கேக்க வேணும். பின்னேரப் படகுக்கும் பால் கொண்டுவந்தால் எடுப்பீரோ?"