கடம்பூர் கேட்டில் அணைந்த லாரி

சித்திரை மாதம், காலை ஏழு மணி. கடம்பூரில் கோவில்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டேன். நாலணாவுக்கு ஒரு போளி வாங்கித் தின்றுகொண்டு நிற்கையில், பருத்தி ஏற்றிய பழைய பெட்ரோல் லாரி ஒன்று வந்தது. கோவில்பட்டி முப்பது கிலோமீட்டர் போல இருக்கும். ரெண்டு ரூபாய் பேசி ஏறினேன். டிரைவர் பெயர் முருகேசன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜன்னலோரம் இடைசெவலுக்குப் போகும் பேச்சியம்மாள், மடியில் ஒரு கோழியோடு.

ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி நின்றதும் எஞ்சின் உதறத் தொடங்கியது. கதவு, சீட்டு, கோழி எல்லாம் ஆடின. கடைசியில் ஒரு விக்கல், அணைந்துவிட்டது.

"ஓட்டத்துல ஒண்ணும் செய்யாது தம்பி. நின்னாத்தான் உசுர விடுது," என்றார் முருகேசன். "பிளக் மாத்தியாச்சு. கார்புரேட்டரக் கழட்டி ரெண்டு தரம் ஊதியாச்சு."

"தம்பி என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"பி.யு.சி. எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நாந்தான்."

"அப்பம் இது ஏன் அணையுதுன்னு சொல்லேன்."

"அது பாடத்துல வரலியே, அத்தை."

கோழியைத் தவிர எல்லோரும் சிரித்தோம். ஆனால் முருகேசனின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. கோவில்பட்டியில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் முதலாளி காத்திருக்கிறாராம். வண்டி நின்ற இடத்தில் அணையாமல் ஓடினால் வைத்துக்கொள்வார். இல்லையென்றால் இன்றைக்கே பழைய இரும்புக்குப் போய்விடும். முருகேசனுக்கு வேறு வண்டி கிடையாது.

கேட் திறந்ததும் முருகேசன் முன்னால் கிராங்க் கம்பியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார். கயத்தாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்த செடிகள் வெறும் குச்சியாய், மாராய்க் காய்ந்து நின்றன. பாளம் பாளமாய் வெடித்த நிலத்தில் கால் போகும் அளவுக்குப் பிளவு. வேகத்தில் எஞ்சின் தறி மாதிரி ஒரே சீராக ஓடியது.

எட்டரை மணிக்கு இடைசெவல். பேச்சியம்மாள் இறங்கினார். முருகேசன் என்னை ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, ஓடுகிற எஞ்சினின் பானெட்டைத் திறந்தார். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தவர் கோழியோடு பின்னால் துள்ளினார்.

"ஏய்யா, உள்ள விரியன் கெடக்கு! சீறுது கேளு!"

முருகேசனும் துள்ளினார். பயத்தில் நான் காலை எடுத்துவிட்டேன். எஞ்சின் அணைந்தது. சீறலும் நின்றது.

"பாம்புக்கும் பெட்ரோல் வேணும் போல," என்றார் முருகேசன்.

அவர் கிராங்க் போட்டுச் சுற்ற, எஞ்சினோடு சீறலும் திரும்பி வந்தது. "காத்த உறிஞ்சுத சத்தம் மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி," என்றேன். அவர் கையை உள்ளே விட்டுத் துழாவி, சத்தம் வந்த இடத்தில் விரலை வைத்தார். திடீரென்று என் காலடியில் உதறல் அடங்கியது. அவர் விரலை எடுத்தார், மறுபடி உதறல். வைத்தார், அடங்கியது.

"ஏலே! வைப்பர் குழாய்!"

அந்த வண்டியின் வைப்பர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் ஆடுவது. தை மாதம் அதன் ரப்பர் குழாய் வெடித்ததும், 'இனி மழை எங்கன பெய்யப் போவுது' என்று வைப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சின் பக்கத்துத் துவாரத்தில் லோடிலிருந்தே ஒரு பிடி பஞ்சை அடைத்திருக்கிறார் முருகேசன். சூட்டில் பஞ்சு கருகிச் சுருங்கியிருந்தது. வண்டி நிற்கையில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம் பெட்ரோல். அதில் இந்தத் திருட்டுக் காற்றும் கலந்தால் எப்படித் தாங்கும்? வேகத்தில் அது தெரியவே இல்லை.

கருவேலங்குச்சியைச் சீவி அடைத்து, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினோம். "தம்பி பாடத்துல இதயும் சேக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் நடந்தார்.

ஒன்பதேகாலுக்குக் கிட்டங்கி வாசல். முதலாளி வந்து பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முருகேசன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை, நானும் இறங்கவில்லை. எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, இருக்கட்டும்," என்றார் முதலாளி.

அப்போதுதான் அவர் கையில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே கோடை மழை, பெரிய பெரிய துளியாய். வேலையாட்கள் தார்ப்பாய்க்கு ஓடினார்கள். கண்ணாடி முழுக்கக் கரிசல் புழுதி சேறாய் வழிந்தது.

"ஏலே முருகேசா, வைப்பர எங்க?"

முருகேசன் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எங்கள் வீட்டிலும் தை முடிந்தால் குடையைப் பரணில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். தெரு திரும்பும் வரை, மழைச் சத்தத்துக்கு நடுவிலும், அந்த எஞ்சின் ஓடுவது கேட்டது.